இலங்கைத் தெற்குக் கரை: நண்பரோடு பேக்பேக் மாட்டிக்கொண்டு முதல்முறை போகிறவர்களுக்கு

கொழும்பிலிருந்து காலிக்கு ரயிலில் இரண்டரை மூன்று மணி நேரம். காலியிலிருந்து மாத்தறைக்கு இன்னொரு மணி நேரம். ஹிக்கடுவ, உனவட்டுன, அஹங்கம, வெலிகம, மிரிஸ்ஸ என்று இன்ஸ்டாகிராமில் நீங்கள் பார்த்த பெயர்கள் பெரும்பாலும் இந்த ஒரே கோட்டில்தான் இருக்கின்றன. இவ்வளவு பக்கத்தில் இருப்பதே முதல்முறை போகிறவர்களை ஏமாற்றிவிடுகிறது. "பக்கத்துலதானே மச்சான், நாளைக்கு அடுத்த ஊருக்குப் போயிடலாம்" என்று தினமும் பையைக் கட்டுகிறார்கள். நான்காவது நாள் யாராவது ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். எனவே இந்தக் கட்டுரை சொல்லப்போவது ஒன்றுதான்: பத்து நாளுக்கு மூன்று ஊரில் மட்டும் தங்குங்கள், மற்றதையெல்லாம் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு மாலையில் அறைக்குத் திரும்புங்கள்.

மாதத்தை முடிவு செய்யுங்கள்

தெற்குக் கரைக்கு நல்ல காலம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக இந்தக் கரையில்தான் வந்து மோதும். அலை பெரிதாக, தண்ணீர் கலங்கலாக இருக்கும். சில விடுதிகள் மூடிவிடுவார்கள். அக்டோபர், நவம்பரில் மழை எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது.

நம்மூர்க்காரர்களுக்கு இங்கேதான் சிக்கல். லீவு கிடைப்பது மே மாதத்தில். மே மாதம்தான் முடியும் என்றால் தெற்கை விட்டுவிடுங்கள், கிழக்கே போங்கள். அறுகம்பை, பாசிக்குடா, நிலாவெளி எல்லாம் அப்போதுதான் களைகட்டும். கிழக்குக் கரையில் தமிழிலேயே எல்லா வேலையும் நடக்கும் என்பது கூடுதல் லாபம். ஒரே தீவில் ஒரு கரை மூடும்போது இன்னொரு கரை திறக்கிறது, அதனால் டிக்கெட்டைப் போடுவதற்கு முன்னால் காலண்டரைப் பாருங்கள்.

தெற்குதான் என்றால் ஜனவரி பாதியிலிருந்து மார்ச் வரை எனக்குப் பிடித்த காலம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் அறை வாடகை தாறுமாறாக ஏறும். ஏப்ரல் நடுவில் சிங்கள-தமிழ்ப் புத்தாண்டு வரும். அப்போது பல கடைகள் சில நாள் அடைத்திருக்கும், பஸ்ஸும் குறைவு.

நண்பரோடு நான்கு விஷயம் பேசிவிடுங்கள்

டிக்கெட்டுக்கு முன்னால் செய்ய வேண்டியது இது. பலரும் விட்டுவிடுவதும் இதுதான்.

முதலாவது பணம். ஒருவர் கடலோர உணவகத்தில் இறால் தின்ன வேண்டும் என்ற கனவோடு வருகிறார், இன்னொருவர் சோற்றுக் கடையில் சாப்பிட்டு மிச்சம் பிடிக்கும் திட்டத்தோடு வருகிறார். இரண்டும் நியாயம்தான். ஆனால் விமானத்தில் ஏறிய பிறகு தெரியக் கூடாது. ஒரு நாளைக்கு ஒருவருக்கு எவ்வளவு என்று ஒரு தொகையை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

செலவைப் பிரிக்க ஆப் இருக்கிறது. எனக்கு அதைவிட ஒரு சிறிய ஜிப் பை மேல் என்று தோன்றும். காலையில் இருவரும் ஒரே தொகையை அதில் போட வேண்டும். அறை, ஆட்டோ, பஸ், சேர்ந்து சாப்பிடுவது எல்லாம் அதிலிருந்து. பீர், சிகரெட், துணிமணி, சர்ஃப் போர்டு வாடகை அவரவர் பாக்கெட்டிலிருந்து. பை காலியானால் மறுபடி இருவரும் போடுவார்கள். யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று கடைசி நாள் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் சங்கடம் இல்லை.

இரண்டாவது தூக்கம். ஐந்து மணிக்கு எழுந்து சூரிய உதயம் பார்ப்பவரும் பத்து மணிக்கு எழுபவரும் சேர்ந்து போகலாம், தவறே இல்லை. விடிந்ததிலிருந்து பத்து மணி வரை ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்வதில்லை என்று வைத்துக்கொண்டால் போதும். அறைச் சாவி ஒன்றுதான் இருக்கும் என்பதால் அதை எங்கே வைப்பது என்றும் பேசிவிடுங்கள். சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஈரத் துணியோடு கதவுக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்றால் அப்படித் தோன்றாது.

மூன்றாவது நீச்சல். யாருக்கு எவ்வளவு தெரியும் என்பதில் வீராப்பு வேண்டாம். கிணற்றிலோ ஸ்விம்மிங் பூலிலோ நீந்தியவர் கடலில் நீந்தத் தெரிந்தவர் அல்ல.

நான்காவது, தனியாக ஒரு நாள். பத்து நாளில் குறைந்தது ஒரு பகலாவது ஆளுக்கொரு திசையில் போங்கள். முன்கூட்டியே பேசி வைத்திருந்தால் அதைக் கோபம் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் பேசுவதற்குப் புதிதாகக் கதையும் இருக்கும்.

விசா, பணம், சிம்

இலங்கைக்கு இ.டி.ஏ. என்ற மின்னணு அனுமதி வாங்க வேண்டும். இந்தியர்களுக்கான கட்டணமும் விதியும் கடந்த சில வருடங்களில் பலமுறை மாறியிருக்கின்றன, அதனால் போன வருடம் போய்வந்தவர் சொன்னதை நம்ப வேண்டாம். அரசுத் தளத்தில் பாருங்கள். அதே மாதிரி தோற்றத்தில் கூடுதல் காசு பிடுங்கும் தனியார் தளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும், முகவரியைச் சரிபார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

ஓர் இந்திய ரூபாய்க்கு ஏறத்தாழ மூன்றரை இலங்கை ரூபாய். விலைப் பலகையைப் பார்த்து முதல் நாள் தலை சுற்றும், பிறகு பழகிவிடும். விமான நிலையத்திலேயே வங்கிகளின் மாற்று நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன, இரண்டு மூன்றில் விகிதம் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். யு.பி.ஐ. 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையில் இருக்கிறது, ஆனால் அதை நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள். தேங்காய் விற்பவர், பஸ் கண்டக்டர், சின்ன விடுதிக்காரர் எல்லாரும் ரொக்கம்தான் கேட்பார்கள். ரொக்கத்தை இருவரும் பாதிப் பாதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சிம் கார்டை டயலாக் அல்லது மொபிடெல் கவுன்டரில் வாங்கலாம். இருவரும் வேறு வேறு நிறுவனத்தின் சிம் வாங்கினால் ஒன்றில் சிக்னல் இல்லாத இடத்தில் இன்னொன்று கைகொடுக்கும்.

பை

நாற்பது லிட்டருக்கு மேல் வேண்டாம். இலங்கை பஸ்ஸில் பெரிய பைக்கு இடமே கிடையாது. எஞ்சின் பக்கத்தில் போட்டுவிட்டு எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

மூன்று டி-ஷர்ட், இரண்டு கால்சட்டை, ஒரு லுங்கி, சீக்கிரம் காயும் துண்டு. கோயில்களுக்கும் விகாரைகளுக்கும் முட்டியும் தோளும் மூடும் உடை ஒன்று. ஜீன்ஸ் வேண்டாம், கடற்காற்றில் காயவே காயாது. அலைச்சறுக்கு கற்பதாக இருந்தால் உடம்போடு ஒட்டும் முழுக்கைச் சட்டை ஒன்று, இல்லையென்றால் பலகையில் உரசி வயிறும் நெஞ்சும் புண்ணாகிவிடும். சன்ஸ்கிரீனை இந்தியாவிலேயே வாங்குங்கள், கரையோரக் கடைகளில் விலை கொள்ளை. "நமக்கு எதுக்கு சன்ஸ்கிரீன், கறுப்புத்தானே" என்று நண்பர் சொன்னால் இரண்டாம் நாள் அவருடைய தோளைத் தொட்டுப் பாருங்கள்.

சார்ஜர் அடாப்டர் முக்கியம். இலங்கையில் பல இடங்களில் சதுர முள் மூன்று உள்ள பிளக்தான், நம்முடைய உருண்டை முள் போகாது. மருந்தில் ஓ.ஆர்.எஸ்., வாந்தி மாத்திரை, கிருமிநாசினி, பேண்டேஜ், கொசு விரட்டி. அங்கே டெங்கு உண்டு.

இரண்டு பேர் போவதில் ஒரு வசதி, பொதுவானதை ஒன்றே ஒன்று எடுத்துப் போகலாம். ஒரு அடாப்டர், ஒரு பற்பசை, ஒரு மருந்துப் பை. கடவுச்சீட்டு நகலை மட்டும் ஒருவருடையதை மற்றவர் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரைக்குப் போய்ச் சேருவது

விமானம் இறங்குவது கட்டுநாயக்கவில், கொழும்புக்கு வடக்கே. இரவில் இறங்கினால் கொழும்புக்கு ஓட வேண்டாம். பக்கத்திலேயே நீர்கொழும்பு இருக்கிறது, அங்கே தூங்கிவிட்டுக் காலையில் மீன் சந்தையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பகலில் இறங்கினால் 187-ம் எண் பஸ் கொழும்பு கோட்டைப் பகுதிக்குப் போகும். வெளியே வந்ததும் "பஸ் இன்னைக்கு இல்லை" என்று டாக்ஸிக்காரர் யாராவது சொல்வார். சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

அங்கிருந்து ரயில். நெடுஞ்சாலைப் பஸ் வேகமாகப் போகும், ஆனால் போகும்போது ரயிலில்தான் போக வேண்டும் என்பது என் பிடிவாதம். வெள்ளவத்தை தாண்டியதிலிருந்து தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே பல இடங்களில் சில பாறைகள்தான். இதற்குச் சில குறிப்புகள்:

கரையோர ரயில்கள் பல மருதானையிலிருந்து கிளம்புகின்றன. கோட்டைக்கு ஒரு நிலையம் முன்னால். உட்கார இடம் வேண்டுமென்றால் அங்கே போய் ஏறுங்கள். கோட்டையில் ஏறினால் நின்றுகொண்டே போகும் வாய்ப்பு அதிகம்.

முன்பதிவு இல்லாத இரண்டாம் வகுப்பு போதும், அன்றன்றைக்குக் கவுன்டரில் வாங்கலாம். மாலை நாலு மணிக்கு மேல் அலுவலகக் கூட்டம். வெள்ளிக்கிழமை மாலையில் பையோடு ஏற நினைக்காதீர்கள்.

கொழும்பிலிருந்து போகும்போது வலது பக்கம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம். காலி நிலையத்தில் தண்டவாளம் முட்டி நிற்கும். எஞ்சினை மறுமுனையில் மாட்டி ரயில் வந்த வழியே திரும்பி மாத்தறைப் பக்கம் போகும். உட்கார்ந்த இடம் அதேதான், ஆனால் கடல் எதிர் ஜன்னலுக்குப் போய்விடும். "தப்பான வண்டியில் ஏறிட்டோமா" என்று பதறுகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கலாம்.

வண்டிக்குள் கூடையோடு வடைக்காரர் வருவார். பருப்பு வடையும் இறால் வடையும் காய்ந்த மிளகாயோடு தாளில் கட்டித் தருவார்கள். வாங்கிச் சாப்பிடுங்கள். படியில் தொங்கிக்கொண்டு படம் மட்டும் எடுக்காதீர்கள். அங்கே அப்படி எடுக்கப்போய் விழுந்து செத்தவர்கள் உண்டு.

ஹிக்கடுவ வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பெரலிய என்ற ஊர். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் இந்தத் தண்டவாளத்தில் வந்த ரயில் அங்கேதான் அடித்துப் போகப்பட்டது, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உலகின் மிகப் பெரிய ரயில் விபத்துகளில் ஒன்று. ஜன்னலிலிருந்து பார்த்தால் நின்ற நிலையில் உயரமான புத்தர் சிலை தெரியும், நினைவிடம் பக்கத்தில். ஹிக்கடுவவில் இறங்குவதாக இருந்தால் ஆட்டோவில் போய் வரலாம்.

முதல் தங்கல்: காலி, உனவட்டுன. மூன்று இரவு

அறையை உனவட்டுனவில் எடுங்கள். காலிக் கோட்டைக்குள் அழகாக இருக்கும், வாடகைதான் பேக்பேக்கருக்குச் சரிவராது. உனவட்டுனவிலிருந்து காலிக்குப் பஸ்ஸில் கால் மணி நேரம்.

முதல் இரண்டு இரவுக்கு மட்டும் ஆன்லைனில் பதிவு செய்யுங்கள். பிறகு ஊருக்குள் நடந்து, பலகை தொங்கும் வீடுகளில் நேரில் கேளுங்கள். இருவர் தங்கும் அறைக்கும், பலர் சேர்ந்து தங்கும் டார்மில் இரண்டு கட்டிலுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது பல இடங்களில். இருவராகப் போவதன் உண்மையான சேமிப்பு இதுதான். பார்க்க வேண்டியவை: கொசுவலையில் ஓட்டை, ஃபேன் வேகம், குழாயில் தண்ணீர், அப்புறம் காலி ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம். கொழும்பிலிருந்து வரும் ஏ-2 சாலை கடலை ஒட்டியே போகிறது. சாலையோர அறையில் விடிகாலை நான்கு மணிக்கே பஸ் ஹாரன் எழுப்பிவிடும்.

உனவட்டுன வளைகுடாவுக்குப் பவளப்பாறை அரணாக இருப்பதால் கடல் மற்ற இடங்களைவிட அமைதி. நீச்சல் சுமாராகத் தெரிந்தவர்கள் தொடங்க இதுவே நல்ல இடம். ருமஸ்ஸல குன்றின் மறுபக்கம் ஜங்கிள் பீச் இருக்கிறது, நடந்தே போகலாம்.

காலிக் கோட்டைக்கு ஒரு முழு மாலை ஒதுக்குங்கள். போர்ச்சுக்கீசியர் தொடங்கி, 17-ம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் பெரிதாகக் கட்டியது. 1988-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நுழைவுச் சீட்டு கிடையாது. நான்கு மணிக்கு மேல் போய் மதில்மேல் ஏறி ஒரு சுற்று நடந்தால் கலங்கரை விளக்கம், வெள்ளை நிறப் பள்ளிவாசல், மறுபக்கம் கிரிக்கெட் மைதானம் எல்லாம் வந்துவிடும். டெஸ்ட் மேட்ச் நடக்கும் நாளாக இருந்தால் மதில்மேல் உட்கார்ந்து சும்மாவே பார்க்கிறவர்கள் கூட்டம் இருக்கும்.

கோட்டைக்குள் முஸ்லிம் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன, கடைகளில் தமிழ் காதில் விழும். தெற்கில் நீங்கள் தமிழில் பேசிப் பார்க்க நல்ல இடம் இது. இன்னொரு தொடர்பும் இந்த ஊருக்கு உண்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்த, 1409 என்று தேதியிட்ட கல்வெட்டு காலியில் 1911-ல் கண்டெடுக்கப்பட்டது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தரையும், பாரசீகப் பகுதி அல்லாவையும், தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனார் என்ற தெய்வத்தையும் போற்றி, காணிக்கைகளைப் பட்டியல் போடுகிறது. மூலக்கல் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, திரும்பும்போது நேரம் இருந்தால் பாருங்கள். அந்த நாயனார் கோயில் கொண்டிருந்த தெவிநுவர, மாத்தறையைத் தாண்டி நீங்கள் போகப்போகிற வழியிலேயே வரும்.

ஹிக்கடுவவை இங்கிருந்தே ஒரு பகலில் பார்த்துவிடலாம். கரையருகே கடலாமைகள் வரும். அவற்றைத் தொடவோ, பாசியைக் கையில் வைத்து ஊட்டவோ வேண்டாம், யார் அழைத்தாலும்.

இரண்டாம் தங்கல்: வெலிகம அல்லது மிரிஸ்ஸ. நான்கு இரவு

நடுவில் நான்கு இரவு வைத்ததற்குக் காரணம் அலைச்சறுக்கு. முதல் நாள் விழுவீர்கள், இரண்டாம் நாள் உடம்பெல்லாம் வலிக்கும், மூன்றாம் நாள்தான் பலகைமேல் நிற்பீர்கள். ஒரே இரவு தங்கிவிட்டு "சர்ஃபிங் நமக்கு வராது" என்று முடிவுகட்டிக்கொண்டு போகிறவர்கள் ஏராளம்.

வெலிகம குடா கற்றுக்கொள்வதற்கென்றே அமைந்தது மாதிரி இருக்கும். அடியில் பாறை இல்லை, மணல். அலை சின்னது, நீளமாக உருண்டு வரும். கரை முழுக்கப் பலகை வாடகைக் கடைகள். முதல் வகுப்பை மட்டும் பயிற்சியாளரோடு எடுங்கள், ஒருவருக்கு ஒரு பயிற்சியாளர் என்பதை உறுதிசெய்துகொண்டு. பிறகு மெத்தென்ற ஃபோம் பலகையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து நீங்களே பழகலாம். எடுப்பதற்கு முன் பலகையில் ஏற்கெனவே உள்ள கீறல்களைப் போனில் படம் எடுத்துவிடுங்கள். காலையில் ஏழு மணிக்குக் காற்று அடங்கியிருக்கும், கூட்டமும் இல்லை. இருவரும் ஒரே பலகை எடுத்து மாறி மாறிப் பழகுவது சிக்கனம் மட்டுமல்ல, ஒருவர் கரையில் நின்று மற்றவரைப் பார்த்துக்கொள்ளவும் முடியும்.

மிரிஸ்ஸவில் மாலை நேரம் கலகலப்பு. இசை, பார்ட்டி எல்லாம் அங்கே. அமைதி வேண்டும் என்றால் வெலிகமவில் தங்கி மாலைக்கு மட்டும் மிரிஸ்ஸ போய்வாருங்கள், பஸ்ஸில் பத்துப் பதினைந்து நிமிடம்தான். தென்னைகள் நிற்கும் சிவந்த மண் மேடான கோகனட் ட்ரீ ஹில்லைப் பகலில் பார்க்கப் போனால் படம் எடுக்க வரிசை. காலை ஆறரைக்குப் போங்கள்.

திமிங்கிலம் பார்க்கும் படகு மிரிஸ்ஸ துறைமுகத்திலிருந்து விடிகாலையில் கிளம்பும், நவம்பர் முதல் ஏப்ரல் வரை. நீலத் திமிங்கிலத்தை இவ்வளவு கரைக்குப் பக்கத்தில் பார்க்கக் கிடைக்கும் இடங்கள் உலகத்தில் குறைவு. தெரியும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, தந்தால் சந்தேகப்படுங்கள். வாந்தி மாத்திரையைப் படகில் ஏறுவதற்கு அரை மணி, முக்கால் மணி நேரம் முன்னால் போட வேண்டும். குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் கடலுக்குத்தான். விலை குறைந்த படகுகள் சில திமிங்கிலத்தைத் துரத்திக்கொண்டே போகும். தூரம் காத்து எஞ்சினை அடக்கும் படகா என்று விடுதியில் விசாரித்துப் போங்கள்.

கொக்கல, அஹங்கம பக்கம் கடலில் கம்பு நட்டு உட்கார்ந்திருக்கும் மீனவர்களைப் படம் எடுத்தால் காசு கேட்பார்கள். இன்றைக்கு அது பெரும்பாலும் படத்துக்கான தொழில்தான். எவ்வளவு என்று முதலில் பேசிவிடுங்கள், பிறகு அதில் மனஸ்தாபம் வேண்டாம்.

மூன்றாம் தங்கல்: திக்வெல்ல, ஹிரிகெட்டிய. இரண்டு இரவு

வெலிகமவிலிருந்து பஸ்ஸில் மாத்தறை, அங்கே மாறி திக்வெல்ல. மாத்தறையில் மதியச் சாப்பாட்டுக்கு இறங்கினால் பொல்ஹேனவுக்கும் போய்வரலாம். பவளப்பாறை அணைகட்டியதில் கடல் குளம்போல் கிடக்கும், நீச்சலே தெரியாதவர்கூட இடுப்பளவில் உட்கார்ந்திருக்கலாம். வழியில் தெவிநுவர. தீவின் தென்கோடி முனை, 1890-ல் கட்டிய உயரமான கலங்கரை விளக்கம், சற்று உள்ளே விஷ்ணு கோயில்.

ஹிரிகெட்டிய லாடம் போன்ற சின்ன விரிகுடா. அழகுதான், ஆனால் இப்போது விலையும் கூட்டமும் ஏறிவிட்டன. திக்வெல்ல பக்கம் தங்கி நடந்து போங்கள். இன்னும் அமைதி வேண்டுமா, தங்காலைக்குப் போகலாம். அங்கே பல கரைகளில் அலை கடுமை, குளிக்க ஏற்றதல்ல.

பஸ், ஆட்டோ, ஸ்கூட்டர்

பஸ்ஸைக் கைகாட்டி எங்கும் நிறுத்தலாம். ஓடிக்கொண்டே ஏற வேண்டியிருக்கும். முன்வரிசை இருக்கை பிக்குகளுக்கு, அங்கே உட்காராதீர்கள். பெயர்ப் பலகையில் பல சமயம் தமிழும் இருக்கும். இறங்க வேண்டிய இடத்தைக் கண்டக்டரிடம் முன்பே சொல்லிவிட்டு, வந்ததும் சிங்களத்தில் "பஹினவா" (இறங்குகிறேன்) என்று குரல் கொடுத்தால் நிற்கும்.

ஆட்டோவில் ஏறும் முன் விலை பேச வேண்டும். பிக்மீ என்ற வாடகை வண்டி ஆப்பில் அதே தூரத்துக்கு என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். வண்டி வராவிட்டாலும் பேரத்துக்கு அந்த எண் உதவும்.

ஸ்கூட்டர் எல்லாரும் தருவார்கள், உரிமம் கேட்க மாட்டார்கள். ஆனால் இந்திய உரிமம் மட்டும் அங்கே செல்லாது, இலங்கை அங்கீகாரம் தனியாக வாங்க வேண்டும். போலீஸ் பிடித்தால் அபராதம் பரவாயில்லை, விபத்து நடந்தால் காப்பீடு கைவிடும். காலி ரோட்டில் பஸ்கள் முந்தும் விதத்தை ஒரு மணி நேரம் ஓரமாக நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சாப்பாடு

மதியம் சோறும் கறியும். பருப்பு, இரண்டு மூன்று காய்கறி, மீன், அப்பளம், சம்பல். வயிறு நிறையக் கிடைப்பதும் மலிவும் இதுதான். இரண்டு மணிக்கு மேல் சின்னக் கடைகளில் தீர்ந்துவிடும். இரவில் கொத்து, ஆப்பம், இடியாப்பம். தெரு முழுக்கக் கொத்து அடிக்கும் சத்தத்தை வைத்தே கடையைக் கண்டுபிடிக்கலாம்.

சைவக்காரர்கள் கவனிக்க: தேங்காய்ச் சம்பலிலும் சில காய்கறிகளிலும் மாசிக் கருவாட்டுத் தூள் இருக்கும், அவர்கள் அதை மீன் கணக்கில் சேர்ப்பதில்லை. சிங்களத்தில் "உம்பலகட எபா" (மாசி வேண்டாம்) என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

மாத்தறைப் பக்கம் சாலையோரத்தில் மண்சட்டியில் எருமைத் தயிர் அடுக்கி வைத்திருப்பார்கள். கித்துள் பாணி (கூந்தல்பனைப் பாகு) ஊற்றிச் சாப்பிட வேண்டும். ஒரு சட்டி இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும்.

சிங்களத்தில் பேச்சுக்கு: எவ்வளவு என்றால் "கீயத", நன்றிக்கு "ஸ்தூதி", சரி என்றால் "ஹரி", வேண்டாம் என்றால் "எபா". இளைய ஆணை "மல்லி" என்றும், பெண்ணை "நங்கி" என்றும் கூப்பிடலாம். அக்கா அங்கேயும் அக்காதான். மச்சானும் அங்கே உண்டு.

கடலும் மற்ற ஆபத்துகளும்

அலை இரண்டு பக்கமும் உடைய, நடுவில் ஓர் இடம் மட்டும் அமைதியாக, கொஞ்சம் கறுத்துத் தெரிந்தால் குளிக்க நல்ல இடம் என்று நினைக்காதீர்கள். கரைக்கு வந்த தண்ணீர் அந்த வழியாகத்தான் திரும்பிப் போகிறது, ஆளையும் இழுத்துக்கொண்டு. இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். பெரிய நீச்சல்காரரும் அதில் களைத்துவிடுவார். மிதந்து, கையை உயர்த்திக் காட்டி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து இழுவையை விட்டு வெளியே வாருங்கள். நண்பர் இழுபட்டால் வெறுங்கையோடு குதிக்காதீர்கள். பலகை, காலி கேன் எது கிடைத்தாலும் வீசுங்கள், சர்ஃப் பயிற்சியாளர்களைக் கூப்பிடுங்கள். சிவப்புக் கொடி இருந்தால் இறங்கவே வேண்டாம். குடித்துவிட்டு இரவில் இறங்குவது பற்றி இருவருக்கும் ஒரே விதி இருக்கட்டும்: இல்லை.

ஆம்புலன்ஸ் 1990, கட்டணம் இல்லை. போலீஸ் 119. இரண்டையும் போனில் பதியுங்கள். தெரு நாய் கடித்தால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

கரையில் கஞ்சா வேண்டுமா என்று யாராவது கேட்பார்கள். அது அங்கே குற்றம், வெளிநாட்டவருக்குத் தனிச் சலுகை கிடையாது. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுப்பதும் பெரிய அவமரியாதை. ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை, அன்று மது விற்பனை கிடையாது, ரயிலிலும் கூட்டம். உங்கள் தேதிகளில் பௌர்ணமி எப்போது என்று பார்த்து வையுங்கள்.

இரு பெண்கள் போனால், கரையைத் தாண்டி ஊருக்குள் வரும்போது மேலே ஒரு சட்டை போட்டுக்கொண்டால் வெறித்த பார்வை குறையும். இரவில் ஆட்டோவை விடுதியின் மூலமே வரவழையுங்கள்.

திரும்புவது

கடைசி இரவைக் கரையில் வைக்காதீர்கள். காலை விமானத்துக்குத் திக்வெல்லவிலிருந்து ஓடுவது வேண்டாத வேலை. முந்தின நாள் மாத்தறையிலிருந்து தெற்கு அதிவேகச் சாலைப் பஸ் பிடித்தால் கொழும்பின் புறநகரான மாக்கும்புர வரை நேராக வரும், அங்கிருந்து கொழும்புக்கோ நீர்கொழும்புக்கோ போகலாம். ஏ.சி. பஸ், உட்கார்ந்து மட்டும்தான் போக முடியும். பெரிய பைக்கு இன்னொரு இருக்கைக் காசு கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

மிச்சமிருக்கும் இலங்கை ரூபாயை அங்கேயே மாற்றிவிடுங்கள், இந்தியாவில் வாங்குபவர்கள் குறைவு. முதலில் மாற்றியபோது தந்த ரசீது கையில் இருந்தால் வேலை சுலபம். சில்லறை தேறினால் விமான நிலையத்துக்குப் போகும் வழியிலேயே பொதுப் பையைக் காலிசெய்து இரண்டு பொட்டலம் தேயிலை வாங்கிக்கொள்ளுங்கள், உள்ளே போனால் அதே பொட்டலம் டாலர் கணக்கில் நிற்கும்.